வேகத்துக்குப் பணம் கட்டும் முன் தாமதத்தை அளந்து பாருங்கள்

கிள்ளானில் இருக்கும் என் அக்காள் வீட்டில் சில மாதங்களுக்கு முன்பு வரை இரவு ஒன்பது மணி ஆனாலே ஒரு சண்டை தொடங்கிவிடும். மாடியில், படிவம் 4 படிக்கும் மகன் நண்பர்களோடு கணினியில் குழு விளையாட்டு ஆடிக்கொண்டிருப்பான். கீழே, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளுக்கு இயங்கலை வகுப்பு. "லேக் அடிக்குது!" என்று மேலிருந்து ஒரு கூச்சல் வரும். "உன் கேமாலதான் என் கிளாஸ் நிக்குது" என்று கீழிருந்து பதில் போகும். நடுவில் அக்காள் இருவரையும் அதட்டுவார்.

அத்தான் பொறுத்துப் பார்த்துவிட்டு இணையச் சேவை நிறுவனத்தை அழைத்தார். "100 எம்பிபிஎஸ் உங்கள் குடும்பத்துக்குப் போதாது, 300 எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். எடுத்துக்கொண்டார். மாதக் கட்டணம் கூடியது. கைப்பேசியில் வேகத்தைச் சோதித்துப் பார்த்தால் எண்ணும் கூடித்தான் இருந்தது. ஆனால், ஒன்பது மணிச் சண்டை மட்டும் அப்படியே தொடர்ந்தது.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. இணையம் தடுமாறும்போதெல்லாம் "இன்னும் வேகமான திட்டம் எடு" என்பதே நமக்குத் தெரிந்த ஒரே மருந்தாக இருக்கிறது. விளம்பரப் பலகைகளில் 300, 500, 1,000 என்று பெரிய எண்கள் மின்னுகின்றன. என் கருத்து இதுதான்: பெரும்பாலான வீடுகளில் நாம் தவறான எண்ணுக்குப் பணம் கட்டுகிறோம். விளையாட்டுக்கும் காணொளி வகுப்புக்கும் முதலில் வேண்டியது வேறோர் எண். அந்த எண்ணை அளக்கவும் குறைக்கவும் பெரும் செலவு தேவையில்லை. அந்த வேலைக்கு வீட்டில் மிகப் பொருத்தமான ஆள், நாம் எந்நேரமும் திட்டிக்கொண்டிருக்கும் அந்த விளையாட்டுப் பிள்ளைதான்.

அகலம் வேறு, தாமதம் வேறு

எம்பிபிஎஸ் என்பது ஒரு விநாடியில் எத்தனை மெகாபிட் தரவு போக முடியும் என்பதைக் காட்டும் அளவு. நெடுஞ்சாலையில் எத்தனை தடங்கள் இருக்கின்றன என்பதைப் போன்றது அது. கிள்ளானிலிருந்து ஈப்போவுக்கு இருபது தடங்கள் போட்டாலும் தூரம் குறையாது. தனியாகப் போகும் ஒரு காருக்கு, சாலை காலியாக இருக்கும்வரை, மூன்று தடமும் இருபது தடமும் ஒன்றுதான்.

இயங்கலை விளையாட்டு அப்படித் தனியாகப் போகும் கார். நீங்கள் திரும்பியது, சுட்டது, ஓடியது ஆகிய தகவல்கள் மிகச் சிறிய தரவுப் பொட்டலங்களாக விளையாட்டு நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போகின்றன. மற்ற ஆட்டக்காரர்கள் செய்தது அதேபோல் சிறு பொட்டலங்களாகத் திரும்பி வருகிறது. ஆடும் நேரத்தில் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு விநாடிக்கு ஒரு மெகாபிட் கூடத் தேவைப்படுவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, நெட்ஃபிளிக்ஸில் 4கே தரத்தில் படம் பார்க்க அந்நிறுவனம் பரிந்துரைப்பது 15 மெகாபிட். (விளையாட்டின் புதிய பதிப்பைப் பதிவிறக்கும்போது மட்டும் கதை வேறு. அது பல கிகாபைட் இருக்கும், இணைப்பு முழுவதையும் நிரப்பிவிடும்.)

ஆகவே, விளையாட்டுக்கு முக்கியம் மூன்று. ஒன்று, பொட்டலம் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம். இதைத்தான் ஆட்டக்காரர்கள் 'பிங்' என்கிறார்கள், மில்லி விநாடியில் அளக்கிறார்கள். இரண்டு, அந்த நேரம் சீராக இருக்கிறதா, ஏறி இறங்குகிறதா என்பது. மூன்று, வழியில் பொட்டலம் தொலைந்து போகிறதா என்பது. இந்த மூன்றில் எதுவும் அந்தப் பெரிய எம்பிபிஎஸ் எண்ணில் தெரியாது.

இயற்கை விதிக்கும் எல்லை

தாமதத்தில் நம்மால் குறைக்க முடியாத பகுதியும் உண்டு. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 300,000 கிலோமீட்டர். ஒளியிழையின் கண்ணாடிக்குள் அது மூன்றில் இரண்டு பங்காக, ஏறத்தாழ 200,000 கிலோமீட்டராகக் குறைகிறது. அதாவது ஒரு மில்லி விநாடிக்கு 200 கிலோமீட்டர்.

தென்கிழக்காசியாவுக்கான பல விளையாட்டுகளின் சேவையகங்கள் சிங்கப்பூரில் இருக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து போய்த் திரும்ப ஏறக்குறைய 700 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒளிக்குத் தேவை 3.5 மில்லி விநாடி. தோக்கியோ நேர்கோட்டில் சுமார் 5,300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. போய்த் திரும்ப 53 மில்லி விநாடி. லாஸ் ஏஞ்சலிஸ் சுமார் 14,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப 140 மில்லி விநாடி. கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் உள்ள கருவிகளும் சிறிது நேரம் எடுக்கும் என்பதால் உண்மைக் கணக்கு இவற்றைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். அமெரிக்கச் சேவையகத்தில் ஆடிக்கொண்டு 20 மில்லி விநாடி வேண்டும் என்று கேட்டால், எத்தனை எம்பிபிஎஸ் வாங்கினாலும் கிடைக்காது. மாறாக, சிங்கப்பூர்ச் சேவையகத்தில் ஆடும்போது 200 மில்லி விநாடி காட்டினால், கோளாறு தூரத்தில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது. பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அக்காள் வீட்டில் கண்டது

ஒரு சனிக்கிழமை நானும் அக்காள் மகனும் அதைத் தேடினோம். தேவைப்பட்டது ஒரே ஒரு கட்டளை. 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் எழுதிய 'பிங்' எனும் சிறு நிரல், இன்று ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியைக் கொண்டு அவர் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். கணினியின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு முகவரியைக் கொடுத்தால் போதும். அங்கே போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று காட்டும்.

முதலில் சிங்கப்பூரை அளக்கவில்லை. வீட்டு ரவுட்டரைத்தான் அளந்தோம். பல வீடுகளில் அதன் முகவரி 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். மாடி அறையிலிருந்து வைஃபை வழியாக அளந்தபோது 4 மில்லி விநாடி, 6, 90, 5, 180, 12 என்று எண்கள் குதித்தன. பொட்டலம் இன்னும் வீட்டு வாசலையே தாண்டவில்லை, அதற்குள் 180 மில்லி விநாடி!

"மாமா, அப்போ கம்பெனி மேல தப்பு இல்லையா?" என்று கேட்டான்.

"இன்னும் அவங்க லைனுக்கே நாம போகலடா" என்றேன்.

காரணம் எளியது. ரவுட்டர் கீழே வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. மாடி அறைக்கு இடையில் ஒரு கான்கிரீட் தளமும் இரண்டு சுவர்களும். வைஃபையில் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் கருவிகள் ஒரே நேரத்தில் பேச முடியாது. ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. தாமான் வீடுகளின் வரிசையில், அதிலும் அடுக்குமாடிகளில், இடம் வலம் மேல் கீழ் எல்லா வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடிக்கின்றன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம், ஆனால் அது சுவரை ஊடுருவுவதில் பலவீனமானது.

பல்பொருள் கடையில் ஒரு 20 மீட்டர் வலைக்கேபிள் வாங்கினோம். 'கேட் 5இ' என்ற சாதாரண வகைதான். 100 மீட்டர் தூரம் வரை விநாடிக்கு ஒரு கிகாபிட் தாங்கக்கூடியது. விலை 30 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. படிக்கட்டு ஓரமாக இழுத்துச் சென்று கணினியில் செருகினோம். ரவுட்டருக்கான எண் 1 மில்லி விநாடிக்கும் கீழே வந்து, அங்கேயே நின்றது.

நண்டுக் கால்கள் போல் எட்டு ஆண்டெனாக்கள் நீட்டிக்கொண்டு, வண்ண விளக்கு மின்ன, 'கேமிங்' என்று பெயர் போட்டு விற்கும் ரவுட்டர்களைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். பல நூறு ரிங்கிட் கேட்பார்கள். அவற்றில் நல்ல கருவிகளும் உண்டு. ஆனால், கேபிள் இழுக்க முடிகிற வீட்டில் அந்தப் பணம் தேவையற்றது. அலையை எவ்வளவு மெருகேற்றினாலும் கம்பியின் சீர்மை அதற்கு வராது.

வரிசையில் சிக்கும் பொட்டலம்

கேபிளோடு கதை முடிந்துவிடும் என்று நினைத்தோம். அன்றிரவு சிங்கப்பூர்ச் சேவையகத்துக்கு 9 மில்லி விநாடி காட்டியது. அவன் முகம் மலர்ந்தது. ஒன்பது மணிக்கு அது திடீரென்று 400 ஆனது. அதே நிமிடம் கீழே மகளின் வகுப்பும் உறைந்தது.

அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தோம். குற்றவாளி அகப்பட்டது சமையலறையில். அக்காள் வேலையெல்லாம் முடித்து, கைப்பேசியைச் சார்ஜில் போடும் நேரம் அது. சார்ஜில் போட்டதும், அன்று எடுத்த படங்களையும் காணொளிகளையும் கைப்பேசி தானாகவே மேகச் சேமிப்புக்குப் பதிவேற்றத் தொடங்கிவிடும்.

இங்கேதான் அத்தான் கட்டிய கூடுதல் கட்டணத்தின் மர்மமும் விளங்கியது. பதிவிறக்க வேகம் 100-லிருந்து 300 ஆனது உண்மை. பதிவேற்ற வேகம் முன்பும் 50, இப்போதும் 50. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது முதல் எண் மட்டும். வீட்டில் அடைத்துக்கொண்டிருந்ததோ இரண்டாவது வழி.

அடைப்பு எப்படித் தாமதமாகிறது? வெளியே போகக் காத்திருக்கும் பொட்டலங்களை ரவுட்டரும் மோடமும் ஒரு தற்காலிகச் சேமிப்பில் வரிசையாக வைக்கின்றன. அந்தச் சேமிப்பு 2.5 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். அது 20 மெகாபிட். விநாடிக்கு 50 மெகாபிட் வெளியேறினால் வரிசை காலியாக 0.4 விநாடி ஆகும். அதாவது 400 மில்லி விநாடி. அக்காளின் படங்கள் வரிசையை நிரப்பிவிட்ட பிறகு, அவனுடைய சிறு பொட்டலம் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். விநாடிக்கு 60 சட்டகம் காட்டும் திரையில் 0.4 விநாடி என்பது 24 சட்டகம். எதிராளி சுட்டு முடித்து, நகர்ந்தும் போயிருப்பான்.

நினைவகச் சில்லுகள் மலிவாகிவிட்டதால் தயாரிப்பாளர்கள் இந்தச் சேமிப்பைத் தாராளமாக வைத்துவிட்டார்கள். ஒரு பொட்டலமும் தொலையக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால், வரிசை நீண்டதும் எல்லாரும் காத்திருக்க நேர்ந்தது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியியலாளர் தம் வீட்டு இணையத்திலேயே இதைக் கண்டு, 2010-இல் 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டு உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். சேமிப்பு ஊதிப் பெருத்துப் போவது என்று பொருள். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வேன் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் வரிசையை நீள விடாமல் காக்கும் 'கோடல்' எனும் வழிமுறையை வெளியிட்டார்கள். அதைத் தொடர்ந்து, ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வரிசை கொடுத்து, கொஞ்சமாக அனுப்புகிறவருக்கு முதலிடம் தரும் மென்பொருள்களும் வந்தன.

கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனிப் பாதை இருப்பதை எண்ணிப் பாருங்கள். லாரிகளும் கார்களும் நகராமல் நிற்கும்போதும் மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டே இருக்கும். லாரிக்கு அதனால் பெரிய நட்டமில்லை. விளையாட்டுப் பொட்டலமும் வகுப்பில் பேசும் குரலும் மோட்டார் சைக்கிள்கள். அக்காளின் படங்கள் லாரி.

பழைய ரவுட்டருக்கு மறுவாழ்வு

சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் இந்த வசதி இல்லை. அலமாரியில் பழைய ரவுட்டர் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதில் 'ஓப்பன்டபிள்யூஆர்டி' எனும் இலவச மென்பொருளை அக்காள் மகனே ஏற்றினான். பதிவேற்றத்துக்கு மட்டும் 45 மெகாபிட் என்று எல்லை வைத்தான். உண்மை வேகத்தில் பத்து விழுக்காட்டைத் தியாகம் செய்தால்தான், வரிசை மோடத்துக்குள் சேராமல் நம் கட்டுப்பாட்டில் உள்ள ரவுட்டருக்குள் நிற்கும். பழைய கருவியின் செயலி மெதுவானது. 300 மெகாபிட் பதிவிறக்கத்தையும் சேர்த்து ஒழுங்குபடுத்தச் சொன்னால் அது திணறும். அதனால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டான். மறுநாள் ஒன்பது மணிக்குப் படங்கள் பதிவேறிக்கொண்டிருந்தன. சிங்கப்பூருக்கு 15 மில்லி விநாடி. கீழே வகுப்பு தடையின்றி நடந்தது.

செய்ய விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணையும் அதன் பதிப்பையும் சரிபார்த்து, அதற்கே உரிய கோப்பைத்தான் ஏற்ற வேண்டும். தவறினால் கருவி செங்கல்லாகிவிடும். ஆர்வலர்களே அப்படித்தான் சொல்வார்கள். பழைய கருவியில் மட்டும் செய்து பாருங்கள். நிறுவனத்துக்குச் சொந்தமான பெட்டியில் கை வைக்காதீர்கள்.

இந்த மென்பொருள் உருவான கதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரவுட்டர் லினக்ஸில் இயங்குவதை 2003-இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமப்படி, அதைப் பயன்படுத்தி விற்பவர் மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். அவர்கள் விடாமல் கேட்டதால் நிறுவனம் அதை வெளியிட்டது. அதன்மேல் 2004-இல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. ஆர்வலர்கள் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்ததால் உலகம் முழுவதும் உள்ள வீடுகள் இன்று பயன்பெறுகின்றன.

விளையாட்டுத் துறைக்கும் இதில் பங்கு உண்டு. 1993 டிசம்பரில் வந்த 'டூம்' விளையாட்டின் முதல் பதிப்பு, வலையமைப்பில் இருந்த எல்லாக் கணினிகளுக்கும் பொட்டலங்களை வாரி இறைத்து, அலுவலக வலையமைப்புகளையே திணறடித்தது. பல இடங்களில் அதற்குத் தடை விதித்தார்கள். அடுத்த ஆண்டே அந்தக் குறை திருத்தப்பட்டது. அதே நிறுவனத்தின் ஜான் கார்மாக் 1996-இல் 'குவேக்வேர்ல்டு' பதிப்பில், சேவையகத்தின் பதில் வரும் முன்பே ஆட்டக்காரரின் அசைவைக் கணினி தானாகக் கணித்துக் காட்டும் முறையைக் கொண்டுவந்தார். தொலைபேசி மோடத்தில் ஆடியவர்களின் தாமதத்தை மறைக்கச் செய்த வேலை அது. இன்றைய சுடும் விளையாட்டுகளிலும் அந்தக் கணிப்பு முறை இருக்கிறது. லேக் மீது எரிச்சல் கொண்டவர்கள்தாம் அதற்குத் தீர்வும் கண்டார்கள்.

எல்லை எங்கே?

வலையமைப்பு நுட்பம் தெரிந்த பிள்ளைக்கு ஒரு கோடும் காட்டிவிட வேண்டும். 'மிராய்' என்ற தீநிரல் 2016-இல் கண்காணிப்புக் கேமராக்கள், ரவுட்டர்கள் போன்ற கருவிகளைப் பெருமளவில் கைப்பற்றி, அவற்றைக் கொண்டு தாக்குதல்கள் நடத்தியது. அதை எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சேவையகங்களைத் தாக்குவதில் இருந்த பணம்தான் அவர்களை அதில் இறக்கியது. 2017-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். எதிராளியின் இணைப்பைத் துண்டிக்கச் சில ரிங்கிட்டுக்குச் 'சேவை' விற்கும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் நாட்டில் கணினிக் குற்றச் சட்டம் 1997 இருக்கிறது. பிறர் கணினியில் கை வைப்பது விளையாட்டாகாது.

நம் வீட்டுப் பாதுகாப்பும் இதில் சேரும். விளையாட்டு இணையவில்லை என்றால், ரவுட்டரின் கதவுகளை முழுவதும் திறந்து வைக்கும் 'டிஎம்இசட்' அமைப்பைப் போடச் சொல்லி யாராவது அறிவுரை சொல்வார்கள். போடாதீர்கள். தேவைப்படும் ஒரு வாயிலை மட்டும் திறங்கள். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்கு, எடுத்துக்காட்டாக, 25565 என்ற ஒன்று போதும். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். மிராய் உள்ளே நுழைந்ததே மாற்றப்படாத கடவுச்சொற்களின் வழியாகத்தான்.

வரக்கூடிய மறுப்புகள்

"லேக் போய்விட்டால் இன்னும் அதிகமாக அல்லவா ஆடுவான்?" என்று அக்காளே கேட்டார். நியாயமான கவலை. ஆனால், கெட்டுப்போன இணையத்தைக் காவல்காரனாக வைத்துப் பிள்ளையை வளர்க்க முடியாது. எத்தனை மணி நேரம் ஆடலாம் என்பது பெற்றோர் பிள்ளையோடு பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். இணையத்தைச் சரிசெய்தால் படிக்கும் மகளுக்கும் அது சரியாகும். இன்னொன்றும் நடந்தது. அந்த இரண்டு வாரங்களில் அவன் விளையாடிய நேரத்தைவிட அளந்து, குறித்து, படித்த நேரம் கூடுதல். ஐபி முகவரி, பொட்டலம், வரிசை, அலைவரிசை என்று பாடநூலில் வந்தால் கொட்டாவி விடக்கூடிய விஷயங்களைத் தானாகத் தேடிக் கற்றான்.

"எங்கள் தோட்டப்புறத்தில் ஒளியிழையே வரவில்லை, கைப்பேசித் தரவுதான்" என்று சிலர் சொல்லலாம். உண்மை. ஒரே கோபுரத்தைப் பலர் பகிரும்போது எழும் தாமதத்தை வீட்டுக்குள் கேபிள் போட்டுத் தீர்க்க முடியாது. அவர்களுக்கு என் யோசனைகள் பாதிதான் உதவும். அதனால்தான் இதை வீட்டு விஷயமாக மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் விதித்துள்ள கட்டாயத் தரவிதிகளில் தாமதத்துக்கும் வரம்பு இருக்கிறது. ஆனால், நாம் கையெழுத்துப் போடும் முன் பார்க்கும் விளம்பரங்களில் அது கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவில் 2024 ஏப்ரல் 10 முதல் பெரிய நிறுவனங்கள், உணவுப் பொட்டலத்தில் சத்துப் பட்டியல் இருப்பதுபோல், ஒவ்வோர் இணையத் திட்டத்துக்கும் ஓர் அட்டை காட்ட வேண்டும். பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம், வழக்கமான தாமதம் ஆகிய மூன்றும் அதில் அருகருகே இருக்கும். இங்கும் அப்படி ஓர் அட்டை வேண்டும். அதோடு, இணைப்பு நிரம்பி வழியும்போது தாமதம் எவ்வளவு என்ற எண்ணும் வேண்டும். நிறுவனம் இலவசமாகத் தரும் ரவுட்டரில் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இயல்பாகவே இருக்க வேண்டும். அதற்கான மென்பொருள் பத்தாண்டுக்கு மேலாக இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பள்ளி மாணவன் சனிக்கிழமை மாலையில் போட முடிந்ததை, ஒரு நிறுவனத்தால் போட முடியாதா?

அண்டை நாடான சிங்கப்பூரில் 10 கிகாபிட் இணைப்புக்காக வலையமைப்பை மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடுவதாக 2024-இல் அரசு அறிவித்தது. வருங்காலத்துக்கு அது தேவைப்படலாம். ஆனால், வாசல் வரை 10 கிகாபிட் வந்தாலும் ரவுட்டர் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், மாடி அறையில் ஆடும் பிள்ளைக்குக் கிடைப்பது அதே 180 மில்லி விநாடிதான்.

இந்த வாரம் வீட்டில் யாராவது "லேக்" என்று கத்தினால் திட்டாதீர்கள், நிறுவனத்துக்கும் உடனே அழைக்காதீர்கள். ஒரு தாளைக் கொடுத்து, மூன்று எண்களை எழுதிவரச் சொல்லுங்கள். ரவுட்டருக்கு எத்தனை மில்லி விநாடி, வெளிச் சேவையகத்துக்கு எத்தனை, யாராவது பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது எத்தனை. முதல் எண் குதித்தால் கேபிள் வாங்குங்கள். மூன்றாவது எண் எகிறினால் வரிசையை ஒழுங்குபடுத்துங்கள். இரண்டாவது எண், கேபிளில் அளந்தும் யாரும் எதையும் பதிவேற்றாத நேரத்திலும், தூரக் கணக்கைவிடப் பல மடங்கு இருந்தால், அப்போது நிறுவனத்தை அழைத்து அந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள்.

அத்தான் அடுத்த மாதமே பழைய 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குத் திரும்பிவிட்டார். ஒன்பது மணிக்கு அந்த வீட்டில் இப்போது சத்தம் வருவது, மகன் ஆட்டத்தில் தோற்றால் மட்டும். அதற்கு இணையத்தைக் குறை சொல்ல அவனுக்கு இனி வழியில்லை.